வைப்பருக்குப் போட்ட விளக்கெண்ணெய்

மழை பெய்யும்போது வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து வர என்னால் முடியாது. மகன்தான் ஓட்டுகிறான், நிதானமாகத்தான் ஓட்டுகிறான். கார் புதுசு, மழை விழுந்தால் வைப்பர் தானாகவே ஓடும் என்று பெருமையாகச் சொல்கிறான். எனக்கு அதெல்லாம் காதில் ஏறாது. நாலு துளி கண்ணாடியில் விழுந்ததும் என் வலது கால் அங்கே இல்லாத பிரேக்கை மிதிக்க ஆரம்பித்துவிடும். வைப்பர் ஒரு தடவை போய்த் திரும்பும் வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன். "ஏனுங்கப்பா, பேசாம பின்னால போய்ப் படுத்துக்குங்க" என்பான். போய்ப் படுத்துக்கொள்வேன். படுத்த பிறகும் ரப்பர் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இந்தப் பயம் என்னோடு பிறந்ததில்லை. நான் வடகரப்பதிப் பக்கத்து ஆள். பாலக்காடு ஜில்லா என்று பெயர்தானே தவிர, கேரளத்து மழைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. மேற்கே கொட்டித் தீர்த்துவிட்டு எங்களிடம் வரும்போது வெறும் காற்றாகத்தான் வரும். இருபத்தி இரண்டு வயதில் ஒரு நிலக்கடலை வியாபாரியின் வேனை ஓட்ட ஆரம்பித்தேன். பெருமாட்டியில் மூட்டை ஏற்றிக் கோயமுத்தூரில் இறக்குவது வேலை. அந்த வேனில் வைப்பர் இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வெயிலில் ரப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், சந்தையில் நிறுத்தினால் எவனாவது பிடுங்கிக்கொண்டு போவான் என்று, தை பிறந்ததும் கழற்றித் துணியில் சுற்றி சீட்டுக்கடியில் போட்டுவிடுவோம். சில வருஷம் திரும்ப மாட்டுவதே இல்லை. நாலு வருஷத்தில் அந்த சுவிட்சை நான் தொட்ட தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எழுபதுகளின் நடுவில் இரண்டு வருஷம் தொடர்ந்து மழை ஏமாற்றியது. கிணறு தரை தட்டியது. கடலையே விளையாதபோது கடலை வேனுக்கு என்ன வேலை. அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, நான் மலைமேல் இருக்கிற சாந்தன்பாறைக்குப் போனேன். அங்கே ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் வேனுக்கு டிரைவர் வேண்டும் என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்லியனுப்பியிருந்தார். போன அன்று என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள், மலையில் ஓட்டியிருக்கிறாயா என்று. "ஓட்டியிருக்கறனுங்க" என்றேன். அந்தப் பொய்யைச் சொல்லும்போது வானம் பளிச்சென்று இருந்தது.

கேள்வி கேட்டவர் எஸ்டேட்டின் ஸ்டோர் கீப்பர். பாலக்காட்டுக் கோயில் தெருக் குடும்பத்து மனிதர். பார்வைக்குச் சாது, ஸ்டோர் சாவியைக் கையில் எடுத்துவிட்டால் வேறு ஆள். மழை தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டு, பழுப்புக் காகிதத்தில் சுற்றிய வைப்பர் பிளேடு ஒரு ஜோடி கொடுத்தார். "இதோ பாரு, எஸ்டேட்டுக்கு ஒரு மழைக்கு ஒரு ஜோடிதான். கெட்டுப் போச்சுன்னு நடுவுல வந்து நிக்கப்படாது. அடுத்தது இனி அடுத்த எடவப்பாதிக்குத்தான்" என்றார். எடவப்பாதி என்று அவர் சொன்னது ஜூன் மாதத்து மழையை. அதற்கு ஒரு தனிப் பெயர் வைக்கிற அளவுக்கு அந்த மழையில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் வேலை பெரிய வேலை இல்லை. காலையில் ஸ்டோர் வாசலிலிருந்து காய் எடுக்கும் பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு மேல் காட்டுக்குப் போக வேண்டும். சாயங்காலம் அவர்களை இறக்கிக்கொண்டு வர வேண்டும். மூன்று மைல்தான், ஆனால் மலையின் விலாவில் வெட்டிய மண் பாதை. இறங்கும்போது வலது பக்கம் மண் திட்டு, இடது பக்கம் பள்ளம். மொத்தம் ஐந்து வளைவு. ஏறினாலும் இறங்கினாலும் மூன்றாவதாக வரும் வளைவில் முன்னொரு காலத்தில் ஒரு ஜீப் உருண்டதாம். எப்போது, யார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கதை எதுவாயிருந்தாலும், அந்த ஜீப்பின் கதவு ஒன்று கீழே மரத்தில் மாட்டிக்கொண்டு துருப்பிடித்துக் கிடந்தது. காற்றடித்தால் ஆடும். நான் அதைப் பார்க்கக்கூடாது என்று தினமும் நினைத்து, தினமும் பார்ப்பேன்.

பெண்கள் எல்லோரும் போடிப் பக்கத்திலிருந்து வந்து, எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் தங்கியிருந்தவர்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி மாதிரி நாற்பது வயதுக்காரி ஒருத்தி. முன் சீட்டில் எனக்கு இடது பக்கம் அவளைத் தவிர யாரும் உட்கார மாட்டார்கள். வாயில் எப்போதும் வெற்றிலை, இடுப்பில் சுருக்குப்பை. எல்லோரும் அவளை அக்கா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். முதல் நாள் நான் ஏதோ கேட்டதற்கு, "என்னடி இவன், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுறான். மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரியில்ல பேசுறான்" என்றாள். பின்னாலிருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். நான் முகத்தை இறுக்கிக்கொண்டு ஓட்டினேன்.

பிறகு மழை வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் மழை என்றால் வரும், அரை மணி நேரம் பெய்யும், போகும். இங்கே அது வந்து குடியிருந்தது. கண்ணாடியில் வைப்பர் துடைக்கிற அரைவட்டத்துக்குள் என்ன தெரிகிறதோ அதுதான் பாதை. வைப்பர் இடது பக்கம் போகும்போது பாதை தெரியும், திரும்பி வருவதற்குள் மறைந்துவிடும். மறைந்த அந்த ஒரு கணத்தில் பாதை இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று நம்பி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அந்த நம்பிக்கை வரவே இல்லை. காலையில் ஓட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு, இரண்டு தடவை வேனை எடுக்குமுன் ஸ்டோருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். பதினோரு பேர் என் முதுகை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள், நானோ மலையையே பார்த்திராதவன். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் இங்கே நல்ல குளுமை என்று மட்டும் எழுதினேன்.

பயந்தவன் எதையாவது பிடித்துக்கொள்வான். நான் வைப்பரைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் பெண்கள் இறங்கியதும் வைப்பர் கையைத் தூக்கி நிறுத்தி, ரப்பரை ஈரத் துணியால் ஒரே திசையில் இழுத்துத் துடைப்பேன். இலைத் துணுக்கு, மண் எதுவும் ஒட்டியிருக்கக்கூடாது. ஒரு மணல் துகள் இருந்தாலும் கண்ணாடியில் கோடு போட்டுவிடும். ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். இவ்வளவு பார்த்தும் ஆவணி பிறந்தபோது ரப்பர் விறைத்துப் போயிற்று. கிறீச் கிறீச்சென்று கத்தியது. துடைத்த இடத்தில், சரியாக என் கண் உயரத்தில், இரண்டு விரல் அகலத்துக்குத் துடைக்காமல் விட்டுவிட்டது. நான் குனிந்தும் நிமிர்ந்தும் அந்தப் பட்டைக்கு மேலேயும் கீழேயும் பார்த்து ஓட்டினேன். கழுத்து வலியில் தூங்க முடியவில்லை.

ஒரு நாள் துணிந்து ஸ்டோர் கீப்பரிடம் போனேன். ரப்பர் என்று நான் ஆரம்பித்ததுமே அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டார். "மலையில ஓட்டிப் பழகினவன்னா ஒரு ஜோடிய ஒரு மழைக்கு வச்சுக்கத் தெரிஞ்சிருக்குமே" என்றார். என்னைச் சந்தேகப்பட்டுச் சொன்னாரா, சும்மா சொன்னாரா தெரியாது. குற்றமுள்ள நெஞ்சுக்கு அதுவே போதும். இன்னொரு வார்த்தை பேசினால் பொய் வெளியே வந்துவிடும் என்று திரும்பி வந்துவிட்டேன். வேலை போனால் ஊரில் என்ன இருக்கிறது, தரை தட்டின கிணறு இருக்கிறது.

அந்தக் கிணறுதான் என்னைக் கெடுத்தது. எங்கள் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற பறிக்கு அடியில் தோலில் ஒரு வால் உண்டு. காய்ந்தால் அது வெடித்துவிடும். அதனால் அப்பா வாரம் ஒரு தடவை அதற்குக் கொட்டமுத்து எண்ணெய் தடவி ஊறவைப்பார். செருப்புக்கும் அதுதான், மாட்டுக் கொம்புக்கும் அதுதான், கதவுக் கீலுக்கும் அதுதான், எங்கள் தலைக்கும் வயிற்றுக்கும் அதுதான். காய்ந்தது எதுவானாலும் எண்ணெய் போடு என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். அம்மா என் பெட்டியில் ஒரு பாட்டில் வைத்தனுப்பியிருந்தாள். ரப்பரும் காய்ந்துதானே போயிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பிளேடையும் கழற்றி, எண்ணெயைத் தாராளமாகத் தடவி, வாழை இலையில் சுற்றி ஊறவைத்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் ரப்பர் கருகருவென்று மின்னியது, வளைத்தால் வளைந்தது. இவ்வளவு நாள் இது தோன்றவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொண்டு, சந்தோஷமாக மாட்டினேன்.

திங்கட்கிழமை காலையில் அதிசயமாக வெயில். வைப்பருக்கு வேலையே இல்லாமல் மேல் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்று மணிக்கு மலையை மூடிக்கொண்டு வந்தது. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்து ஏறினார்கள். முதல் வளைவு தாண்டுமுன் மழை அறைந்தது.

சுவிட்சைத் திருகினேன். வைப்பர் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. கிறீச்சென்ற சத்தம் போய்விட்டதே என்று ஒரு நொடி மகிழ்ந்துபோனேன். பிறகுதான் பார்த்தேன், அது போன வழியெல்லாம் கண்ணாடி வெளுத்திருந்தது. திரும்பி வந்தபோது இன்னும் வெளுத்தது. நாலு தடவை போய் வந்ததும் என் முன்னால் அரிசி கழுவின தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. பாதை, மரம், திட்டு, பள்ளம் எல்லாம் ஒரே நிறம்.

வலது ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டினேன். கண்ணில் மழை அடித்தது. மண் திட்டு தெரிந்தது. ஆனால் நான் பார்க்க வேண்டியது இடது பக்கம். உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அந்தக் குளிரில் வியர்வை வழிந்தது இன்றும் ஞாபகமிருக்கிறது. நிறுத்திவிடலாம் என்று பிரேக்கை மிதித்தேன். சக்கரம் நின்றது, வேன் நிற்கவில்லை. சேற்றில் மெதுவாக, யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போவது போல, முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டு வழுக்கிப் போனது. எத்தனையாவது வளைவு என்று எனக்குத் தெரியும். அந்தக் கதவு எங்கே ஆடிக்கொண்டிருக்கும் என்றும் தெரியும். முன் சக்கரத்துக்கடியில் கல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. வேன் இடது பக்கம் ஒரு சாண் இறங்கி நின்றது.

பின்னால் யாரோ பாடிக்கொண்டு வந்திருந்தாள். பாட்டு நின்றது. யாரும் அலறவில்லை. அலறியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "யாரும் அசையாதீங்க" என்று சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேனா, மனதுக்குள் சொன்னேனா தெரியாது. வைப்பர் மட்டும் சத்தமில்லாமல் அங்கிட்டும் இங்கிட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

முன்சீட்டு அக்காவுக்குப் பக்கத்தில்தான் பள்ளம். அவள் ஜன்னல் வழியே கையை வெளியே விட்டு, கண்ணாடியின் ஓரத்தைக் கட்டை விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு அவசரமில்லாமல், "விளக்கெண்ணெய்" என்றாள்.

என்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். மக்குப் பயலை அப்படித்தானே சொல்வார்கள். திட்டு வாங்க வேண்டிய நேரம்தான் என்று காத்திருந்தேன். அவள் விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அப்போதுதான் புரிந்தது. எங்கள் கொட்டமுத்து எண்ணெய்க்கு ஊரெல்லாம் அந்தப் பெயர்தான் என்பது அந்த நிமிஷம் வரை எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"வண்டிக்கு வயித்துக்கடுப்பா தம்பி?" என்றாள். குரல் கிண்டல் குரல்தான். ஆனால் முகத்தில் வெற்றிலைச் சிவப்பைத் தவிர ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பின்பக்கம் திரும்பாமலே, "ஏண்டி, நான் முதல்ல பின்னால வாரேன். அப்புறம் இடப்பக்கம் இருக்கிறவளுக ஒருத்தி ஒருத்தியா பின்கதவு வழியா இறங்குங்க. ஒருத்தி தரையில நின்ன பெறகுதான் அடுத்தவ எந்திரிக்கணும். குதிக்காதீக" என்றாள்.

என்னிடம், "நீ மிதிச்சத விட்டுராத" என்றாள். நடுவிலிருந்த இன்ஜின் பெட்டியின் மேல் ஏறி, கைக்குழந்தையைத் தாண்டுகிற மாதிரி பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் பின்னால் போனாள். அவள் நகர்ந்ததும் வேன் ஒரு மூச்சு விட்டது. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், ரிவர்ஸ் கியரைப் போட்டு இன்ஜினை நிறுத்தினேன், அப்போதும் காலை எடுக்கவில்லை. ஒவ்வொருத்தி இறங்கும்போதும் வேன் ஆடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் எண்ணினேன். பத்து வரை எண்ணி, பதினொன்று வராமல் தவித்து, அது எல்லோரையும் இறக்கிவிட்டுக் கடைசியாக நின்ற அக்கா என்று தெரிந்ததும் அழுதுவிட்டேன். கண்ணாடி இருந்த நிலைமையில் வெளியிலிருந்து யாருக்கும் தெரிந்திருக்காது.

அவர்கள் சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்தார்கள். அக்கா என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து, "இப்ப எடு காலை" என்றாள். எடுக்க நினைத்தேன். கால் வரவில்லை. தொடையிலிருந்து பாதம் வரை மரத்துப்போய், அது யாருடைய காலோ மாதிரி பிரேக்கின் மேல் இருந்தது. அவள் ஜன்னல் வழியே கையை விட்டு முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினாள். மெதுவாக எடுத்தேன். வேன் அசையவில்லை.

பெண்கள் அரிவாளால் புதரை வெட்டிப் பின் சக்கரங்களுக்கடியில் பரப்பினார்கள். இன்ஜினைப் போட்டுப் பின்னால் எடுத்தேன். இரண்டு தடவை சக்கரம் சும்மா சுற்றியது, மூன்றாவது தடவை கவ்விப் பிடித்து வேன் பாதைக்கு வந்தது. நான் இறங்கி, பிளேடு இரண்டையும் கழற்றிப் புல்லில் தேய்த்தேன், எண்ணெய் போகவில்லை, திரும்ப மாட்டாமல் சீட்டில் போட்டேன். அக்கா சுருக்குப்பையிலிருந்து புகையிலையை எடுத்து மழையில் நனைத்துக் கண்ணாடி முழுக்கத் தேய்த்தாள். தேய்த்த இடத்தில் தண்ணீர் திட்டுத் திட்டாக நிற்காமல் மெல்லிசாக ஓடியது. முழுசாகத் தெளியவில்லை, ஆனால் எதிரே இருப்பது மரமா ஆளா என்று சொல்ல முடிந்தது.

"மலையில ஓடுற லாரிக்காரனுக எல்லாம் மழைக்கு இதத்தான் தேய்ப்பானுக. இது கூடத் தெரியல. நீ எந்த மலையில ஓட்டுன?" என்று கேட்டாள்.

"எந்த மலையிலயும் இல்லீங்கக்கா."

அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு மற்றவர்கள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாருக்கும் கேட்கவில்லை. "கீழ போய்ச் சேருற வரைக்கும் அவளுககிட்ட சொல்லிராத" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

வேனில் ஏற ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. பத்துப் பேர் வெகு தூரம் முன்னால் திட்டை ஒட்டி நடந்தார்கள். அக்கா மட்டும் எனக்கு இருபதடி முன்னால், பாதையின் நடுவில், கையால் வலது இடது காட்டிக்கொண்டு நடந்தாள். நான் முதல் கியரில் பின்னாலேயே போனேன். அதுவரை பள்ளத்துக்குப் பயந்தேன். இப்போது அவள் முதுகுக்குப் பயந்தேன். பிரேக் இன்னொரு தடவை வழுக்கினால் முதலில் அடிபடுவது அந்த முதுகுதான். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றேகால் மைலைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

ஸ்டோர் வாசலில் ஸ்டோர் கீப்பர் குடையோடு நின்றார். பெண்கள் நடந்து வருவதையும் வேன் காலியாக வருவதையும் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்றார். சீட்டிலிருந்து எடுத்து வந்த பிளேடைக் காட்டினேன். "ரப்பர் போயிருச்சுங்க" என்றேன். அவர் கை நீட்டினார். அந்தப் பிளேடு அவர் மூக்குக்கு அருகே போனால் என் கதை முடிந்தது. அக்கா நடுவில் புகுந்து அதை என்னிடமிருந்து வாங்கி, சேற்றில் எறிந்து, காலால் மிதித்தாள்.

"ரப்பர் செத்துப்போச்சு சாமி. புதுசு குடுங்க. இல்லேன்னா நாளையிலருந்து நாங்க நடந்துதான் போவோம், நடந்துதான் வருவோம். காய் எடுக்க உச்சிப்பொழுது ஆயிரும், பரவாயில்லையா?" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார், பிறகு சேற்றைப் பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்லலை. ரொம்ப ஆபத்தாப் போயிடுத்தா?" என்றார். அவர் உள்ளே போய் அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. அடுத்த எடவப்பாதிக்கு என்று வைத்திருந்த ஜோடி அன்றைக்கே வெளியே வந்தது.

நான் நன்றி சொல்லப் போனேன். அக்கா சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். "உனக்காகச் சொல்லல. உன்னைய அனுப்புனா இன்னொருத்தன் வருவான். அவன் என்னத்தத் தடவுவானோ யாரு கண்டா. நீயாச்சும் ஒருக்காத் தடவிப் பாத்துட்ட" என்றாள்.

மறுநாள் காலையில் புது பிளேடுகளை மாட்டினேன். வைப்பர் கையைத் தூக்கி, கொக்கியில் செருகி, டக்கென்று சத்தம் கேட்கும் வரை அழுத்தி, பிறகு கழன்று வருகிறதா என்று நாலு தடவை இழுத்துப் பார்த்தேன். கண்ணாடியைச் சீயக்காய்த் தண்ணீர் விட்டுக் கழுவினேன். அதுவும் அக்கா கொடுத்தனுப்பியதுதான், எண்ணெய் தேய்த்தவன் தலையும் முழுக வேண்டாமா என்று சொல்லியனுப்பியிருந்தாள். பெண்கள் வந்தார்கள். யாரும் ஏறவில்லை. அக்கா வேனின் முன்னால் போய், ஒரு விரலால் ரப்பரை நீளவாக்கில் தடவி, மோந்து பார்த்தாள். இன்னொன்றையும் மோந்து பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். அதற்கப்புறம்தான் பத்துப் பேரும் ஏறினார்கள்.

அது தினசரி வழக்கமாகிவிட்டது. தடவுவாள், மோந்து பார்ப்பாள், தலையாட்டுவாள், ஏறுவார்கள். அதற்குள் லயம் முழுக்க எனக்கு விளக்கெண்ணெய் என்று பெயர் விழுந்திருந்தது. கடையில் தீப்பெட்டி வாங்கப் போனால்கூட "விளக்கெண்ணெய் வந்திருக்கு" என்றார்கள். எனக்கு ரோஷம் தாங்கவில்லை. ஒரு நாள் வெடுக்கென்று கேட்டுவிட்டேன். "தெனமும் மோந்து பாக்கோணுமாங்கக்கா? ஒருக்காத் தப்புப் பண்ணுனா சாகற வரைக்குமா?"

"பதினோரு வீட்டுல அடுப்பு எரியணும் தம்பி. மோந்து பாத்தா எனக்கென்ன மூக்கா தேஞ்சுரப் போகுது" என்றாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கோபம் கோபமாக இருந்தாலும், அவள் மோந்து பார்த்துத் தலையாட்டிய பிறகு என் பயம் பாதியாகக் குறைந்தது. பயத்தில் ஒரு பங்கை அவள் எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. வாந்தி நின்றது. ராத்திரி கொஞ்சம் தூங்கினேன்.

ஐப்பசியில் மழை கிழக்கேயிருந்து திரும்பி வந்தது. அப்படி ஒரு காலை, நல்ல மழை, அக்காவுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்தாள். வேனின் முன்னால் போகவில்லை. நேராகக் கதவைத் திறந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள், பிறகு ஏறினார்கள்.

நான் காத்திருந்தேன். "அக்கா" என்றேன்.

"ம்."

"மோந்து பாக்கலீங்களா?"

"நீ பாத்திருப்ப" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

வண்டியை எடுத்தேன். நூறு கஜம்கூடப் போயிருக்க மாட்டேன். ரப்பரைப் பார்த்தேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. நான் பார்த்திருந்தேன், விடிந்ததும் முதல் வேலையாகத் துடைத்து மாட்டியிருந்தேன், இருந்தும் எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. மலை ஓட்டியிருக்கிறேன் என்று பொய் சொன்னவன், ரப்பருக்கு எண்ணெய் போட்டவன், அவன் பார்த்ததை எப்படி நம்புவது. நிறுத்தினேன். மழையில் இறங்கி, வைப்பர் கையைத் தூக்கி, ரப்பரை விரலால் தடவி மோந்து பார்த்தேன். ஈர ரப்பர் வாசம். மற்றதையும் பார்த்தேன். அதே வாசம். பின்னால் யாரும் சிரிக்கவில்லை.

சொட்டச் சொட்ட ஏறி உட்கார்ந்தேன். அக்கா கேட்டாள், "என்ன வாசம்?"

"ரப்பர் வாசந்தானுங்க."

"அப்பப் போ" என்றாள்.

போனேன். இரண்டாவது வளைவு வருமுன் அவள் தூங்கிவிட்டாள். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. பின்னாலும் பேச்சு நின்று, ஒவ்வொருத்தியாகக் கண் அசந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது வளைவில் அந்தக் கதவு மழையில் ஆடியது. பதினோரு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். அன்றைக்குப் போல நான் என்றைக்கும் பயந்ததில்லை.